தற்காலிக வேலையில் இருக்கும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டியவை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளில் சேரும் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த இளைஞர்களில் பலருக்கு முதல் வேலை தற்காலிக வேலைதான். வேலை ஆலைக்குள் நடக்கும். சம்பளம் ஏஜென்சியிலிருந்து வரும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழிந்ததும் ஒப்பந்தம் முடியும், மறுபடியும் தேடல் தொடங்கும். அந்தக் காலம் அடுத்த வேலைக்கு உதவுமா என்பது பெரும்பாலும் தொழிலாளியின் கையில் என்ன சான்று மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. அந்தச் சான்றுகளை வேலையில் இருக்கும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்த பிறகு செக்யூரிட்டி கேட்டைத் தாண்டி உள்ளே போய்க் கேட்பதுகூடக் கடினம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தான் யாருடைய ஆள் என்பது. ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நால்வர் நான்கு வகையினராக இருக்கலாம். ஒருவர் கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளி. இன்னொருவர் ஏஜென்சியின் காண்ட்ராக்ட் ஆள். மூன்றாமவரைக் கம்பெனியே குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக எடுத்திருக்கும். நான்காமவர் அப்ரண்டிஸ். செய்வது ஒரே வேலையானாலும் உரிமைகள் வேறு வேறு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக எடுக்கப்பட்டவர் ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை பெறலாம். முன்பு இதற்கு ஐந்தாண்டு சேவை தேவைப்பட்டது. அப்ரண்டிஸ்களை 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் தொழிலாளியாகவே கருதுவதில்லை, பயிற்சி பெறுபவராகத்தான் கருதுகிறது. எனவே நியமனக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது, எந்தத் தேதி வரை என்பதைப் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும். வேலை வாங்கித் தரப் பணம் கேட்கும் ஏஜென்சியையும், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் ஏஜென்சியையும் தவிர்ப்பதே நல்லது. அசல் சான்றிதழ் பிறர் கையில் இருந்தால், நல்ல வேலை கிடைத்தாலும் போக முடியாது.

வருங்கால வைப்பு நிதியைப் பலரும் சம்பளத்தில் பிடிக்கும் ஒரு தொகையாக மட்டுமே பார்க்கிறார்கள். வேலை தேடுபவருக்கு அது அதைவிடப் பெரிய பயன் தரும். யு.ஏ.என். என்ற பொது எண் ஒருவருக்கு ஒன்றுதான். எத்தனை ஏஜென்சி மாறினாலும் அதன் கீழ் வேலை வரலாறு வரிசையாகப் பதிவாகிறது. புதிய நிறுவனங்கள் பல, முன் அனுபவத்தைச் சரிபார்க்க இந்தப் பதிவைத்தான் பார்க்கின்றன. ஆகவே ஒவ்வொரு ஏஜென்சியிலும் புது எண் தொடங்க விடாமல் பழைய எண்ணையே கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்த தொகை பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதாமாதம் பார்ப்பதும் அவசியம். விலகிய தேதியை ஏஜென்சி பதியாமல் விட்டால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழித்து இணையத்தில் தாமே பதிந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு ஒப்பந்தம் முடிந்ததும் பி.எஃப். பணத்தை முழுவதுமாக எடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வேலையில்லாத நாட்களில் அந்தப் பணத்தின் தேவை புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத்தைப் பெறப் பத்தாண்டு சேவை வேண்டும். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரையிலான சேவைக் காலம் அழிந்துவிடும். பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொண்டால், துண்டு துண்டான ஒப்பந்தங்களும் கூடிப் பத்தாண்டை எட்டும். தற்காலிக வேலைகளிலேயே பல ஆண்டுகள் கழிப்பவருக்குச் சேவைக் காலம் அழிவதுதான் மிகப் பெரிய இழப்பு, மிக எளிதாகத் தவிர்க்கக் கூடியதும் இதுதான்.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் வருவார்கள். தொழிலாளி செலுத்துவது சம்பளத்தில் 0.75 சதவீதம், நிறுவனம் செலுத்துவது 3.25 சதவீதம். குடும்பத்தினரின் பெயர்களையும் சேர்ந்தவுடனே பதிந்துகொண்டால் அவர்களுக்கும் சிகிச்சை உண்டு.

அடுத்தது கைத்திறன். பல ஆலைகளில் லைனுக்குப் பக்கத்தில் ஸ்கில் மேட்ரிக்ஸ் என்ற பலகை தொங்கும். தொழிலாளியின் பெயருக்கு நேரே நான்காகப் பிரித்த வட்டங்கள் இருக்கும். ஒரு வேலையை எந்த அளவுக்குத் தனியாகச் செய்வார் என்பதைப் பொறுத்து வட்டத்தின் கால், அரை, முக்கால் நிரப்பப்படும். காண்ட்ராக்ட் ஆட்களைப் பெரும்பாலும் ஒரே ஸ்டேஷனில் நிறுத்திவைப்பதே மேற்பார்வையாளருக்கு வசதி. அதோடு நின்றுவிடாமல், பக்கத்து ஸ்டேஷன் ஆள் லீவு எடுக்கும் நாளில் அந்த வேலையைக் கேட்டு வாங்கிச் செய்பவருக்கு ஆறு மாதத்தில் நாலைந்து வட்டங்கள் நிரம்பும். ஆலைக்குள் போனுக்குத் தடை இருப்பதால் பலகையைப் படம் எடுக்க முடியாது. அதற்குப் பதிலாக, அனுபவச் சான்றிதழில் இயந்திரத்தின் பெயரையும் செய்த வேலையையும் எழுதித் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும். ‘ஆபரேட்டராகப் பணிபுரிந்தார்’ என்ற ஒற்றை வரி எந்தத் திறனையும் காட்டாது. கிடங்கு வேலையில் ஸ்கேனரும் இருப்புக் கணக்கும், அலுவலகத்தில் டாலியும் எக்செலும் இதே இடத்தில் வரும்.

பயோடேட்டாவில் ஏஜென்சியின் பெயரை மறைத்து, வேலை பார்த்த பெரிய கம்பெனியின் பெயரை மட்டும் எழுதும் ஆசை பலருக்கு வரும். அது ஆபத்து. பி.எஃப். பதிவில் ஏஜென்சியின் பெயர் இருக்கும். சரிபார்ப்பில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உண்மையான அனுபவமும் பொய்யாகத் தோன்றும். சம்பளம் இன்ன ஏஜென்சி வழி, பணியிடம் இன்ன ஆலை என்று இரண்டையும் எழுதுவதே சரி. மூன்று மாத வேலைகள் பல இருந்தால் அவற்றை ஒரே தலைப்பின் கீழ் சேர்த்து, ஒப்பந்த வேலை என்று குறிப்பிட்டுவிட்டால் அடிக்கடி வேலையை விட்டவர் என்ற எண்ணம் எழாது.

நிரந்தரமாகும் வாய்ப்பைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கென ஒரு சட்டம் இருக்கிறது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர் சேவை முடித்தவர் நிரந்தரத் தொழிலாளி ஆகிறார். கட்டுமானப் பணியாளருக்கு இது பொருந்தாது. ஏஜென்சி வழி வந்தவர் உண்மையில் யாருடைய ஆள் என்பது வழக்குகளில் வாதப் பொருளாகவே இருக்கிறது. 480 நாள் நெருங்கும்போது ஆளை நிறுத்திவிடுவதும் நடக்கிறது. ஆகவே இந்தச் சட்டத்தை நம்பித் தேடலை நிறுத்துவது சரியல்ல. ஆனாலும் வருகைக் கணக்கையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்தியவருக்குத்தான் தொழிலாளர் துறையிடம் போக வழி இருக்கும்.

அப்ரண்டிஸ் காலத்துக்கும் தனி மதிப்பு உண்டு. உதவித்தொகை குறைவு, வேலை உறுதியும் இல்லை. என்றாலும் அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறி வாங்கும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். பெரம்பூர் ஐ.சி.எஃப். போன்ற ரயில்வே ஆலைகளில் பயிற்சி முடித்தவர்களுக்கு ரயில்வேயின் முதல் நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. தேர்வைத் தள்ளிப்போட்டுவிட்டு வேறு வேலைக்கு ஓடுபவர்கள் இந்தப் பலனை இழக்கிறார்கள்.

வேலையில் இருந்துகொண்டே அடுத்ததைத் தேட ஷிஃப்ட் முறை ஓரளவு இடம் தருகிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் துறை முகாம்களை நடத்துகின்றன; அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் செய்த பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்கக் கூடாது. ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கத் தொடங்கினால், கையில் வருமானம் இருக்கும் நிலையிலேயே சம்பளம் பேச முடியும்.

விலகும்போது ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி மாதச் சம்பளச் சீட்டு மூன்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும். போனஸ் கணக்கும் பாக்கி இருக்கும்: மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர், ஒரு கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே குறைந்தது 8.33 சதவீத போனஸ் பெறத் தகுதி உடையவர். இடையில் விலகியவருக்கும் இது உண்டு. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டிய தொகை என்பதால், அது வரும்வரை சம்பளம் வந்த வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருப்பது நல்லது.