கடை மூடினா கேம் எங்கே போகும்?

கேம் பண்ணணும்னு ஆசை இருக்கு, ஆனா பெரிய டீமும் பணமும் இல்லையேன்னு யோசிக்கிறீங்களா? உங்களை மாதிரி ஆட்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது கையடக்கக் கன்சோல்களின் டவுன்லோட் கடைகள்தான்.

முன்னாடியெல்லாம் கேமை கார்ட்ரிட்ஜில் போட்டுத்தான் விற்கணும். விற்காவிட்டால் தயாரிப்புச் செலவு அத்தனையும் நஷ்டம். வேஃபார்வர்டு நிறுவனத்தின் 'ஷான்டே' 2002-ல் கேம்பாய் கலருக்கு வந்தது. ஆனால் அதற்கு முந்தின வருஷமே கேம்பாய் அட்வான்ஸ் வந்துவிட்டதே! பாராட்டு கிடைத்தது, விற்பனை இல்லை.

2008-ல் நின்டெண்டோ டிஎஸ்ஐ ஜப்பானில் வெளியானது. அதற்கான டவுன்லோட் கேம்களுக்கு 'டிஎஸ்ஐவேர்' என்று பெயர். கார்ட்ரிட்ஜ் கிடையாது, பெட்டி கிடையாது. கன்சோலின் உள் மெமரியே 256 எம்பி தான் என்பதால் கேமும் சின்னதாகத்தான் இருக்கணும். சின்ன கேமுக்குச் சின்ன டீம் போதுமே! ஷான்டேயின் இரண்டாம் பாகம் எட்டு வருஷம் கழித்து, 2010-ல், இந்தக் கடையில்தான் 12 டாலருக்கு வந்தது. சோனியும் 2009-ல் பிஎஸ்பிக்கு 'மினிஸ்' கொண்டு வந்தது. அதில் ஒரு கேம் 100 எம்பியைத் தாண்டக்கூடாது.

இனிமேல்தான் சிக்கல். டிஎஸ்ஐ கடை 2017 மார்ச் 31-ல் மூடப்பட்டது. 3டிஎஸ் கன்சோலின் இ-ஷாப்பில் 2023 மார்ச் 27-க்குப் பிறகு எதையும் வாங்க முடியாது. கார்ட்ரிட்ஜாக இருந்தால் பழைய சாமான் கடையிலாவது தேடலாம். டவுன்லோட் மட்டும் என்றால்? ஷான்டே 2 பிசிக்கும் வந்ததால் தப்பித்தது. வேறெங்கும் வராத கேம்களைப் புதுசாக வாங்க இப்போ வழியே இல்லை.

இதற்கு ஒரு மாற்று, 2022-ல் பேனிக் நிறுவனம் வெளியிட்ட 'பிளேடேட்'. மஞ்சள் நிறம், பக்கவாட்டில் சுற்றும் கைப்பிடி, 400x240 பிக்சலில் கறுப்பு-வெள்ளைத் திரை. எஸ்டிகே இலவசம், லுவா அல்லது சி தெரிந்தால் போதும். கூடவே சிமுலேட்டர் வருவதால், கன்சோல் வாங்காமலே லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கலாம். முக்கியமா, கேமை ஃபைலாக நேரடியாகவே யாருக்கும் கொடுக்கலாம். கடை மூடினாலும் ஃபைல் உங்க கையில்.

நீங்க எந்தக் கன்சோலுக்கு எழுதினாலும் ரெண்டு விஷயம் மறக்காதீங்க. பட்டன், திரை மாதிரி கன்சோலைத் தொடும் கோடிங்கைத் தனி ஃபைலில் வைங்க. நாளைக்கு வேறு மெஷினுக்கு மாற்றுவது சுலபம். சோர்ஸ் கோடையும் படங்களையும் குறைந்தது ரெண்டு இடத்தில் சேமிங்க. கடை என்னைக்கு மூடும்னு முடிவு பண்றது நீங்க இல்லை. கேம் அதோடு போகணுமா, வேணாமாங்கிறது உங்க கையில்தான் இருக்கு.