தொண்ணூறு நாள் வெயில்

குளிரிலிருந்து தப்பி கேரவனில் ஸ்பெயின் கடற்கரைக்கு வரும் பிரிட்டிஷ் முதியவர்கள், இப்போது கடலைவிடக் காலண்டரையே அதிகம் பார்க்கிறார்கள்.

ஸ்பெயினின் கிழக்குக் கரையில் உள்ள பெனிடோர்மில் ஜனவரி மாதப் பகல் வெப்பம் சுமார் 17 டிகிரி. டெல்லித் தமிழருக்கு இது பழகிப்போன குளிர்காலம். சென்னைக்காரரை ஸ்வெட்டர் தேட வைக்கும். ஆனால் 8 டிகிரியில் நனைந்து நடுங்கும் லண்டனிலிருந்து வருபவருக்கு இதுதான் சொர்க்கம். அங்கே கிடைப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெயில் இங்கே கிடைக்கிறது.

இந்த வெயிலைத் தேடித்தான் ஓய்வுபெற்ற தம்பதிகள் தங்கள் வீட்டையே காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் கேரவனைக் கப்பலில் ஏற்றினால் ஒரு நாளுக்கு மேல் கடல் பயணம். வடக்கு ஸ்பெயினின் சான்டான்டரிலோ பில்பாவோவிலோ இறங்கி, நாட்டைக் குறுக்கே கடந்தால் மத்தியதரைக் கடல்.

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரம் ஓய்வெடுக்கும் வண்டி. இங்கே அது கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் அடங்கிய ஓர் அறை வீடு. கடற்கரை மணலில் நிறுத்த முடியாது. 1988ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம் அதைத் தடுக்கிறது. எனவே முகாம்களில் மாத வாடகைக்கு இடம் பிடிக்கிறார்கள். வாசலில் துணிப் பந்தல், இரண்டு மடக்கு நாற்காலி, மாலையில் இரும்புக் குண்டு உருட்டும் விளையாட்டு. மூட்டுவலிக்காரர்கள் கைத்தடியை மூலையில் வைத்துவிட்டு நடக்கக் கிளம்புகிறார்கள். கோடைக் கூட்டம் போன பிறகு இந்த ஊர்களின் கடைகளுக்கும் முகாம்களுக்கும் இவர்களே படியளப்பவர்கள்.

விரல் விட்டு எண்ணும் நாட்கள்

முன்பெல்லாம் அக்டோபரில் வந்து ஏப்ரலில் திரும்பலாம், கேட்பார் இல்லை. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனில் இருந்த வரை அது அவர்கள் உரிமை. 2016 வாக்கெடுப்பில் பிரிட்டன் விலக முடிவெடுத்தது. 65 வயதைத் தாண்டியவர்களில் பத்துக்கு ஆறு பேர் விலகலுக்கே வாக்களித்ததாகக் கணிப்புகள் கூறின. அதன் விலையை இப்போது குளிர்கால வெயிலாகச் செலுத்துபவர்களில் பலர் அதே தலைமுறையினர்.

2021 ஜனவரி முதல் பிரிட்டிஷ் பயணிகள் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் ஷெங்கன் நாடுகளில் தங்கக் கூடாது. ஷெங்கன் விசாவுக்கு மனுச் செய்த இந்தியர்களுக்கு இந்த விதி பரிச்சயமானது. விசா இல்லாமலேயே நுழைய முடிந்த பிரிட்டிஷாருக்கு இந்தக் கணக்கு புதிது. பிரான்ஸ் வழியாக வந்தால் சாலையில் கழியும் நாட்களும் கணக்கில் சேரும். நாயைக் கூட்டி வருவதும் எளிதல்ல: பழைய செல்லப்பிராணி பாஸ்போர்ட் செல்லாமல் போய், ஒவ்வொரு பயணத்துக்கும் கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வேண்டும் என்ற விதி வந்தது.

முன்பு கணக்கைக் காட்டியது பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரை. 2025 அக்டோபர் 12 முதல் எல்லைகளில் படிப்படியாகக் கம்ப்யூட்டர் பதிவு வந்தது. முகமும் விரல்ரேகையும் பதிவாகின்றன. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும்.

மொராக்கோ எனும் மாற்று வழி

சிலர் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தெற்கு ஸ்பெயினின் அல்ஜெசிராஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மொராக்கோ. அது ஷெங்கன் நாடல்ல; அங்கே தனியாக 90 நாள் விசா இல்லாமல் தங்கலாம். அகாதிர் கடற்கரை பெனிடோர்மைவிடச் சூடானது. ஆனால் சிக்கல் ஒன்று உண்டு: ஊர் திரும்பும் சாலை மறுபடியும் ஸ்பெயின் வழியாகத்தான். அதற்காக நாலைந்து நாட்களையாவது மிச்சம் பிடித்து வைக்க வேண்டும்.

நீண்டகால விசா வாங்கலாம். வேலை செய்யாமல் ஸ்பெயினில் வசிப்பதற்கான விசாவுக்கு 2025 கணக்கின்படி ஆண்டுக்கு 28,800 யூரோ வருமானமோ சேமிப்போ காட்ட வேண்டும். சாதாரண பென்ஷன்காரருக்கு அது எட்டாக்கனி. இதிலும் ஒரு முரண்: ஐரோப்பிய யூனியன் நாட்டவர் பிரிட்டனில் ஆறு மாதம் வரை பயணியாகத் தங்கலாம்.

நவம்பர் 1ஆம் தேதி நுழைந்து அப்படியே தங்குபவருக்கு ஜனவரி 29 கடைசி நாள். ஊரில் குளிர் உச்சத்தில் இருக்கும்போது பந்தலைப் பிரித்து, மின் இணைப்பைக் கழற்றி, கேரவனைக் காரில் பூட்ட வேண்டும். பக்கத்து இடத்தில் இருக்கும் டச்சு, ஜெர்மன் தம்பதிகளுக்கு இந்தக் கெடு கிடையாது. அவர்கள் மார்ச் வரையில் வெயில் காய்வார்கள். கிளம்பியவருக்குக் கதவு மறுபடி திறப்பது ஏப்ரல் 30ல். அதற்குள் பிரிட்டனிலேயே வசந்தம் வந்துவிட்டிருக்கும்.