சரிவு நிலமும் பயிர் வரிசையும்

தூத்துக்குடியின் முத்துக்குளிப்பைப்பற்றி அறிந்தோர் பலர். அத்துறையிலிருந்து பொதி பொதியாய்க் கப்பலேறிய பருத்தி விளைந்த கரிசற் புன்செய்களைப்பற்றி அறிந்தோர் சிலரே. கோவிற்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் ஆகிய தாலுகாக்களிலுள்ள அந்நிலம் சமதரையெனத் தோன்றினும், கிழக்கே கடலை நோக்கி மெல்ல வாட்டங்கொண்டது. நூறு அடிக்கு ஓரடித் தாழ்வு நம் கண்ணுக்குப் புலப்படாது. ஓடும் நீரோ அதனை ஒருபோதும் தவறவிடாது.

கோடையிற் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல், முதல் மழையை வெடிப்பின் வழியே விழுங்கிவிடும். நனைந்தபின் மண் உப்பி, வெடிப்பு மூடிக்கொள்ளும். ஆதலின் ஐப்பசி கார்த்திகைப் பெருமழையிற் பெரும்பகுதி உள்ளிறங்காது மேலேயே ஓடுகின்றது. வாட்டத்தின் வழியே ஏரோட்டி விதைத்திருப்பின், ஒவ்வொரு சாலும் ஒரு சிறு வாய்க்காலாம். நீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டவல்ல கல்லின் எடை 64 மடங்காகும் என்பர் பௌதிக நூலார். அங்ஙனமாயின் நுண்ணிய கரிசல் துகள் எம்மாத்திரம்?

ஆகவே வாட்டத்துக்குக் குறுக்கே விதைத்தல் வேண்டும். இடைவெளியின் பயன் இங்கேதான் விளங்கும். பருத்தியை வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. என வைப்போமாயின் ஏக்கருக்கு ஏறத்தாழ 60,000 செடிகள் நிற்கும். எப்பக்கமும் 26 செ.மீ. விட்டுச் சதுரமாக வைத்தாலும் தொகை அதுவே. ஆயின் முன்னதில் நெருங்கிய தண்டுகள் வேலிபோல் நின்று நீரைத் தடுக்கும். அகன்ற இடைவெளியில் உளுந்தோ பாசிப்பயறோ ஊடுபயிராய்ப் படர்ந்து, மழைத்துளி மண்ணை அறையாது காக்கும். பின்னதிலோ நீருக்கு எப்பக்கமும் வழி. செடித்தொகையொன்றையே எண்ணுவோர் இவ்வேற்றுமையைக் காண்பதில்லை.

சமமட்டம் காண விலையுயர்ந்த கருவி வேண்டா. ஒத்த நீளமுள்ள இரு கழிகளை உச்சியிற் கட்டி, நடுவே குறுக்குச் சட்டமிட்டு, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுக. நூல் சட்டத்தின் நடுக்குறியில் விழுமிடத்து இரு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. காலை மாற்றி மாற்றி வைத்து முளையடித்துச் சென்றால் வழிகாட்டி வரிசை ஒன்று கிடைக்கும். வாட்டம் எங்கும் ஒருபடித்தாயிராமையால், இத்தகைய இரு வரிசைகள் ஓரிடத்து விலகியும் ஓரிடத்து நெருங்கியும் செல்லும். அதற்காகப் பயிரின் இடைவெளியை நீட்டுதலும் குறுக்குதலும் தகா. எஞ்சும் ஆப்புவடிவ நிலத்தைக் குட்டை வரிசைகளால் நிரப்பலாம். அன்றிப் புல்லுக்கு விட்டுவிடலாம். மாடுள்ள வீட்டில் அதுவும் வீணன்று.

வரிசை எல்லாவற்றையும் தாங்கும் என்று நாம் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய வெள்ளத்தில் தாழ்ந்த இடத்திற் றேங்கிய நீர் ஒரு வரிசையை உடைக்குமாயின், சேர்ந்த வேகத்தோடு கீழுள்ளவற்றையும் உடைத்துச் செல்லும். ஆதலின் நிலத்தின் பள்ளமான இடத்தில் அகன்ற ஒரு வடிகால் ஒதுக்கி, அதனை உழாமல், வெட்டிவேரோ கொழுக்கட்டைப் புல்லோ வளர்த்து, மிகுநீரை அதன் வழியே மெல்ல இறக்கிவிடுதல் வேண்டும்.