காய்ச்சல் தணிந்த பிறகும்…

ஜமுனாமரத்தூருக்கு அருகே ஜவ்வாது மலைச் சிற்றூர் ஒன்றில், ஜப்பானிய மூளைக் காய்ச்சலிலிருந்து பிழைத்த சிறுவன் ஒருவனைச் சந்தித்தேன். பெற்றோர் நெல் அறுவடைக் கூலிக்காகச் சமவெளிக்கு இறங்கியிருந்தபோது கண்ட நோய் அது. "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, அப்புறம் ஏன் பையன் பழையபடி பேச மாட்டேங்கிறான்?" என்று அவனுடைய தாய் கேட்டார். அதற்கான விடையில் ஒரு பகுதி, மூளையைக் காக்கும் செல்களிடமே இருக்கிறது.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக அறியப்பட்டது, இம்மலைக்கு வடக்கே உள்ள வேலூரில்தான், ஆண்டு 1955. பன்றிகளிடமும் நீர்ப்பறவைகளிடமும் பெருகும் வைரஸை, நெல்வயல்களில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் மனிதருக்குக் கடத்துகின்றன. தொற்றுக்கு உள்ளாவோரில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தோன்றாது. ஆனால், மூளை அழற்சி ஏற்பட்டுவிட்டால் 30% பேர் வரை இறக்கக்கூடும்; பிழைத்தவர்களில் பலருக்குப் பேச்சிலும் நடையிலும் நினைவிலும் குறைபாடு நிலைத்துவிடுகிறது.

மூளையின் காவலர்கள் 'மைக்ரோகிளியா' எனப்படும் செல்கள். 1919இல் ஸ்பெயின் அறிவியலர் ரியோ ஓர்டேகா இவற்றைத் தனி வகையாக அடையாளம் காட்டினார். அமைதிக் காலத்தில் மெல்லிய கிளைகளை நீட்டி, இவை இடைவிடாமல் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருக்கும். வைரஸின் அடையாளத்தையோ அழற்சிச் சமிக்ஞையையோ உணர்ந்ததும், கிளைகளைச் சுருக்கிப் பருத்து, சிதைந்த செல்களை விழுங்கத் தொடங்கும். கூடவே சைட்டோகைன்களையும் நைட்ரிக் ஆக்சைடையும் வெளியிடும். இவை அளவு மீறினால், வைரஸ் தொடாத நரம்புச் செல்களும் மடிகின்றன. வைரஸ் நேரடியாக அழித்தவற்றோடு இந்த இழப்பும் சேர்ந்துகொள்கிறது. மடிந்த நரம்புச் செல்களுக்கு ஈடாகப் புதியவை பெரும்பாலும் உருவாவதில்லை.

அப்படியென்றால் இந்தக் காவலர்களை அடக்கிவிடலாமே? மைக்ரோகிளியாவின் கிளர்ச்சியைத் தணிக்கும் மினோசைக்ளின் மருந்து எலிகளைக் காப்பாற்றியது என, மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மைய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆனால், மைக்ரோகிளியாவையே நீக்கிவிட்ட எலிகளின் மூளையில் வைரஸ் பெருகி, இறப்பு கூடியதாக 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. காவலர் இல்லாமலும் முடியாது. அவர்கள் கட்டுமீறினாலும் தாங்காது.

இந்த வைரஸை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. எனவே, போர் மூளைக்குள் தொடங்காமல் தடுப்பதே வழி. நோய் பரவும் மாவட்டங்களில் குழந்தைக்கு 9ஆம் மாதத்திலும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் தடுப்பூசி போடப்படுகிறது. பிழைப்புக்காக மலைக்கும் சமவெளிக்கும் இடையே அலையும் குடும்பங்களின் பிள்ளைகள் இதில் விடுபட்டுவிடக் கூடாது. பிழைத்து வந்த பிள்ளைக்கோ, பேச்சுப் பயிற்சியும் இயன்முறை சிகிச்சையும் மலையூர் வரை வந்து சேர வேண்டும். காய்ச்சல் விட்டதோடு மருத்துவத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை.