செப்புத் தகடும் பாதரசமும் – ஒரு நந்திதுர்க் நினைவு

"தகடு என்றால் தகடுதானே சார், அதில் பார்த்து எடுக்க என்ன இருக்கிறது?" என்று ரயில்வே பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் என்னிடம் கேட்பதுண்டு. டிப்ளமோ முடித்த புதிதில் நானும் அப்படி நினைத்தவன்தான். ஆனால் எனக்குத் தகட்டுப் பாடம் முதலில் நடத்தியவர் பாலிடெக்னிக் ஆசிரியர் அல்லர். கோலார் தங்கவயலில், நந்திதுர்க் லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் தாத்தா.

வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பௌரிங்பேட்டை (இன்றைய பங்காருபேட்டை) – மாரிக்குப்பம் ரயில் பாதை 1894இல் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்கள் இவற்றையும், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தையும், பாறை வெடிப்புகளையும் தவறாமல் எழுதுவார்கள். ஆனால் மேலே வந்த கல்லிலிருந்து தங்கம் எப்படிப் பிரிந்தது என்று கேட்டால், நம் பிள்ளைகளில் பலருக்குச் "சயனைடு" என்ற ஒரு சொல்தான் தெரியும். சயனைடுக்கு முன்னால் ஒரு தகடு இருந்தது.

தாத்தா கீழே இறங்கியவர் அல்லர், மில்லில் வேலை. வரிசையாக நிற்கும் இரும்பு உலக்கைகள் கல்லை இடிக்கும். இடிபட்ட மாவு தண்ணீரோடு சேர்ந்து சேறாகி, சரிவாகப் போட்ட செப்புத் தகட்டின் மேல் மெல்லிய படலமாக ஓடும். தகட்டின் மேல் பாதரசம் தேய்த்திருக்கும். தங்கத்துகள் பாதரசத்தைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். கல் மாவு ஓடிப்போகும். சரிவு அடிக்கு ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம் என்று வைப்பார்கள். சரிவு கூடினால் தங்கமும் ஓடிவிடும், குறைந்தால் மணல் உட்கார்ந்துவிடும். ரசத்தோடு சேர்ந்த தங்கம் வெண்ணெய் போலத் திரளும். அதை ரப்பர்த் துண்டால் வழித்து, மான் தோலில் கட்டிப் பிழிந்து, மிச்சத்தை மூடிய இரும்புப் பாத்திரத்தில் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிக் குழாய் வழியே போய்த் தண்ணீரில் குளிர்ந்து மறுபடி பாதரசமாகும். பாத்திரத்தில் நிற்பது தங்கம்.

இதற்கு ஏன் செம்பு? இரும்புத் தகடு மலிவாயிற்றே? பாதரசம் இரும்பில் ஒட்டாது. அதனால்தான் பாதரசமே 34 கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும் இரும்புக் குப்பியில் வருகிறது. ஈயம், வெள்ளீயம், துத்தநாகம் இவையெல்லாம் பாதரசத்தில் கரைந்து தாமே காணாமல் போய்விடும். அலுமினியம் இன்னும் மோசம், அரித்துப் பொடியாகிவிடும். விமானத்தில் பாதரசத்தைக் கையோடு எடுத்துச் செல்ல விடாததற்கு இதுவே காரணம். வெள்ளி நன்றாகப் பிடிக்கும், ஆனால் விலை? செம்புதான் நடுவில் நிற்கிறது. பாதரசத்தை மேற்பரப்பில் பிடித்துக்கொள்ளும், சட்டென்று கரையாது. அறுபதுக்கு நாற்பது செம்பும் துத்தநாகமும் கலந்த மண்ட்ஸ் பித்தளைத் தகட்டையும் சில சுரங்க நாடுகளில் போட்டார்கள். கறை குறைவு, விலை குறைவு, ஆனால் பிடிப்பும் குறைவு. கலிபோர்னியாக்காரர்கள் செம்பின் மேல் சதுர அடிக்கு ஓர் அவுன்ஸ் வெள்ளி முலாம் போட்டுக்கொண்டார்கள்.

செம்பு என்று முடிவானாலும் எந்தச் செம்பு? இங்கேதான் தாத்தாவின் பாடம். உருளையில் அழுத்தி வரும் தகடு கெட்டியாக, பளபளப்பாக இருக்கும். அது பாதரசத்தை லேசில் ஏற்காது. விறகுத் தீயில் சீராகச் சூடாக்கி இளக்கிய பிறகே பூச வேண்டும். "தகட்டோட மூலையை மடக்கிப் பாருடா ராசா, சத்தமில்லாம மடங்கணும்" என்பார். பின்னாளில் பட்டறையில் இதற்கு அனீலிங் என்று பெயர் சொன்னார்கள். இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் விறைக்கும். செம்பைப் போட்டால் இளகும். முதல் நாள் வகுப்பில் இதைச் சொன்னபோது நான் மட்டும் ஆச்சரியப்படவில்லை.

அதே செம்பு, வேலை மாறினால் குணமும் மாற வேண்டும். நீராவி எஞ்சினின் தீப்பெட்டிக்குச் செப்புத் தகடு போட்ட காலத்தில், சூட்டில் தளராமல் இருக்கச் சிறிதளவு ஆர்சனிக் கலந்த செம்பை வேண்டுமென்றே வாங்கினார்கள். ரசத்தகட்டுக்கோ கலப்பில்லாத செம்பு வேண்டும். சிலிண்டர் மூடிக்கு அடியில் போடும் செப்பு வளையத்தை மறுபடி உபயோகிக்குமுன் சூடுகாட்டி இளக்குவோம். இளகிய செம்புதான் இடுக்கில் புகுந்து அடைத்து, வாயுவைக் கசிய விடாது. 1878 வாக்கில் ஆங்கிலேயர் பீரங்கிக் குண்டின் அடியில் செப்புத் தட்டு பொருத்தியதும் இதே காரணத்துக்காகத்தான்: வெடிமருந்துப் புகை பக்கவாட்டில் தப்பிக் குழாயின் உட்புறத்தைத் தின்றுவிடாமல் இருக்க.

கனத்துக்கும் கணக்கு உண்டு. எட்டில் ஒரு அங்குலம் என்பது வழக்கமான கனம். மெல்லிய தகடு முதலில் மலிவு, பிறகு நஷ்டம். இன்னொரு வேடிக்கை: புதுத் தகடு ஆரம்பத்தில் தங்கத்தைத் தானே விழுங்கும். முதல் மாதக் கணக்கில் தங்கம் குறைந்தால் திருட்டு என்று நினைக்க வேண்டாம், தகடு சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தம். அதனால் பழைய தகட்டைக் காயலான் கடைக்குப் போட மாட்டார்கள்; சுரண்டியும் உருக்கியும் அந்தத் தங்கத்தை மீட்பார்கள்.

பாதரச ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. நரம்பைத் தாக்கும், கை நடுங்கும், ஞாபகம் போகும். சாதாரண அறைச் சூட்டிலேயே கொஞ்சம் ஆவியாகும். 357 டிகிரியில் கொதிக்கும். மினமாட்டா உடன்படிக்கை 2017இல் அமலுக்கு வந்தது, இந்தியா 2018இல் சேர்ந்தது. மனிதரால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் சுமார் 38 விழுக்காடு, உலகெங்கும் கையாலேயே தங்கம் பிரிக்கும் சிறு சுரங்கங்களிலிருந்து வருவதாக ஐ.நா. 2018இல் கணக்கிட்டது. தாத்தா காலத்து வேலையைத்தான் இன்றைக்கும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஏழைகள் அடுப்பங்கரையில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அடுப்பங்கரை என்றதும் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஞாபகம் வருகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கும்போது தெர்மாமீட்டர் கீழே விழுந்து உடைந்தது. என் மனைவி உருண்டோடிய ரசத்தை விரலால் திரட்டினாள். மோதிரம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. கல்யாண மோதிரம், அழாத குறை. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, "ஒண்ணுமில்லை, இடுக்கியால பிடிச்சு அடுப்புல காட்டுங்க, பழைய நிறம் வந்துடும்" என்றார். சொன்னது தப்பில்லை, நிறம் வரும். ரசமும் வரும், மூடிய சமையலறையில், தொட்டிலுக்கு நாலடி தூரத்தில். ஏற்கெனவே அடுப்பு பற்றவைத்தாயிற்று. நான் ஓடிப்போய் அணைத்தேன். ஜன்னல்களைத் திறந்து, குழந்தையை வெளியே அனுப்பி, உருண்டைகளைத் தடித்த அட்டையால் தள்ளிச் சீசாவில் சேர்த்தோம். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, சிதறிப் பெருகிவிடும்.

மோதிரத்தை ஓர் ஆசாரியிடம் காட்டினேன். முறையான புகைபோக்கி உள்ள பட்டறையில்தான் செய்ய வேண்டும், தன்னிடம் அது இல்லை என்று நேர்மையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. தாத்தா அதற்கு வெகு முன்பே போய்விட்டார். மோதிரம் இன்றும் எங்கள் அலமாரியில், இறுக மூடிய கண்ணாடிச் சீசாவுக்குள், வெளுத்தபடியே இருக்கிறது.