கட்டுரைக்கு இட்ட மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தேர்ச்சி விகிதத்தில் 2023இல் பெரம்பலூர் மாவட்டமும் 2024இல் அரியலூர் மாவட்டமும் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்றன. இந்த வெற்றிக்கான அடித்தளம் தொடக்கப் பள்ளியில் இடப்படுகிறது. அங்கே ஒரு குழந்தை சொந்தமாக எழுதும் கட்டுரையை நாம் எப்படி அளக்கிறோம் என்பதை யாரும் அதிகம் கேட்பதில்லை. கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தைப் பற்றி ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தான் கண்டதைத் தன் மொழியில் சொல்கிறாள்; ஆனால் லகர, ளகரங்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. பிழைகளை எண்ணும் ஆசிரியர் பத்துக்கு நான்கு போடுவார். கருத்தைப் பார்ப்பவர் எட்டு போடுவார். இருவருமே நேர்மையானவர்கள்தான். அப்படியென்றால் அந்த எண் குழந்தையைப் பற்றிச் சொல்கிறதா, திருத்தியவரைப் பற்றிச் சொல்கிறதா?

இது நூறாண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டுவரும் கேள்வி. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர், ஒரே ஆங்கில விடைத்தாளின் படிகளைப் பல உயர்நிலைப் பள்ளிகளின் ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். நூற்றுக்கு 50 முதல் 97 வரை மதிப்பெண் வந்தது. 1961இல் டீடரிக் என்னும் ஆய்வாளரின் குழுவினர் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையுமே பெற்றன. எதைப் பார்த்துத் தரம் பிரிப்பது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. சிலர் கருத்தையும் சிலர் பிழையையும் சிலர் அமைப்பையும் சிலர் சொல்நயத்தையும் முதன்மையாகக் கொண்டார்கள். ஆகவே இந்த முரண்பாட்டுக்குக் காரணம் அலட்சியம் அன்று. பொதுவான அளவுகோல் இல்லாமைதான்.

நம் பொதுத்தேர்வில் விடைக்குறிப்பு உண்டு; உதவித் தேர்வாளர் திருத்தியதை மேற்பார்க்க முதன்மைத் தேர்வாளரும் உண்டு. தொடக்கப் பள்ளியிலோ பெரும்பாலும் வகுப்பாசிரியர் ஒருவரின் கண்ணே முடிவு செய்கிறது. சிறு வகுப்பு மதிப்பெண்ணால் யாரும் தோற்பதில்லை, அதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று சிலர் கேட்கலாம். ஆனால் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. இப்படிப்பட்ட முறையில் மதிப்பீடு பிசகினால், குழந்தைக்குக் கிடைக்கும் பாடமும் பிசகும். அப்படியானால் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களே போதும் என்பது இன்னொரு வாதம். அவற்றை யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண் வரும் என்பது உண்மை. ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரிவது வேறு, நான்கு வரி கோவையாக எழுதத் தெரிவது வேறு.

கட்டுரையைக் கைவிட வேண்டியதில்லை. திருத்தும் முறையைச் சீராக்கினால் போதும். ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் பெயர் மறைத்த சில கட்டுரைகளை எல்லோரும் தனித்தனியே திருத்தட்டும். பிறகு மதிப்பெண்களை ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கான காரணத்தைப் பேசட்டும். கருத்து, கோவை, சொல்லாட்சி, பிழையின்மை ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் வகுத்து, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மாதிரிக் கட்டுரையைத் தேர்ந்து வைத்துக்கொள்ளட்டும். இது ஈராசிரியர் பள்ளிகளுக்குக் கூடுதல் சுமை என்பதை மறுக்க முடியாது. அதனால் எல்லாத் தாள்களையும் இருவர் திருத்தத் தேவையில்லை; பருவத்துக்குச் சில தாள்களை மட்டும் பக்கத்துப் பள்ளியோடு மாற்றிக்கொண்டால் போதும். அளவுகோல் கற்பனையை நசுக்கிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் சொந்தக் கருத்துக்கு என்றே மதிப்பெண் ஒதுக்கும் அளவுகோல், மனப்பாடக் கட்டுரை முந்துவதைத் தடுக்கும். தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்துக்கே வழிகாட்டிய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் நியாயமான மதிப்பீட்டிலும் வழிகாட்ட வேண்டும். அதற்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ தேவையில்லை. ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து படிப்பதற்கான நேரத்தை அரசு ஒதுக்கித் தந்தால் போதும்.