டெர்மினலில் ஓடுகிற ஸ்கிரிப்ட், ஸ்டார்ட்அப்பில் ஏன் முரண்டு பிடிக்கிறது?

டெர்மினலில் வரி வரியாக டைப் செய்து பார்த்தால் எல்லாம் சரியாக ஓடுகிறது. அதையே ஒரு ஃபைலில் போட்டு, சர்வர் ஆன் ஆகும்போது ஓடும்படி வைத்தால் 'பேட் சப்ஸ்டிட்யூஷன்' என்று மூஞ்சியில் அடிக்கிறது. உபுண்டுவில் வேலை பார்க்கும் பலருக்கும் பழகிய தலைவலி இது. பெரும்பாலும் கட்டளையில் தப்பிருக்காது. அதைப் படிக்கிற ஆள்தான் வேறு.

நாம் தரும் கட்டளைகளைப் படித்து இயக்கும் புரோகிராம்தான் ஷெல். உபுண்டுவில் டெர்மினலைத் திறந்தால் வருவது 'பாஷ்'. ஆனால் சிஸ்டம் ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் கூப்பிடுவது 'எஸ்ஹெச்' என்ற பெயரை. உபுண்டுவில் அது தனி புரோகிராம் இல்லை. வேறொரு ஷெல்லைக் காட்டும் ஷார்ட்கட் மாதிரி. அது முன்பு பாஷைக் காட்டியது. 2006 அக்டோபரில் வந்த உபுண்டு 6.10-ல் அதை 'டாஷ்' பக்கம் திருப்பிவிட்டார்கள். டெபியன் 2011-ல், 6.0 பதிப்பில் அதே வழிக்கு வந்தது.

காரணம் வேகம். பழைய கட்டளைகளை ஞாபகம் வைப்பது, டேப் அழுத்தினால் பெயரை நிரப்புவது என பாஷில் இருக்கும் பல வசதிகள் மனிதர்களுக்கானவை. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது அதெல்லாம் யாருக்கு வேண்டும்? அன்றைய ஸ்டார்ட்அப்பில் ஏகப்பட்ட குட்டி ஸ்கிரிப்டுகள் ஓடின. ஒவ்வொன்றுக்கும் ஷெல் புதிதாகத் தொடங்க வேண்டும். டாஷ் அளவில் பாஷின் பத்தில் ஒரு பங்குதான், சட்டென்று தொடங்கும்.

ஆனால், ஊர்ப்பட்ட ஸ்கிரிப்டுகள் உடைந்தன. முதல் வரியில் 'எஸ்ஹெச்' என்று எழுதிவிட்டு, உள்ளே பாஷுக்கு மட்டுமே தெரிந்த வசதிகளைப் பலரும் பயன்படுத்தியிருந்தார்கள். 'எஸ்ஹெச்' என்ற பெயரில் கூப்பிட்டாலும் பாஷ் அவற்றில் பலவற்றை ஏற்றுக்கொள்ளும் என்பதால், தப்பு அதுவரை வெளியே தெரியவில்லை. உபுண்டுவைத் திட்டியவர்கள் அதிகம். நியாயமாகப் பார்த்தால், பெயர் ஒன்று, எழுத்து ஒன்று என்று வைத்தவர்கள் பக்கம்தான் பிழை.

ஸ்கிரிப்ட் எரர் காட்டி நின்றுவிட்டால்கூட பரவாயில்லை. நிற்காமல் ஓடினால்தான் ஆபத்து. வெளியீட்டையும் பிழைச்செய்தியையும் ஒரே லாக் ஃபைலில் சேர்க்க பாஷில் '&>' போதும். டாஷ் இதை இரண்டாக உடைத்துப் படிக்கும்: '&' என்றால் கட்டளை பின்னணியில் ஓடட்டும், '>' என்றால் லாக் ஃபைலைக் காலி செய். ஒரு டேட்டாபேஸ் பேக்கப் ஸ்கிரிப்டில் இந்த வரி இருந்தால், பேக்கப் முடிவதற்குள் அடுத்த வரி அரைகுறை ஃபைலைச் சுருக்க ஆரம்பித்துவிடும். லாகில் ஒன்றும் இருக்காது. அதேபோல '[[' என்று தொடங்கும் நிபந்தனையை டாஷ் அறியாது. 'கட்டளை இல்லை' என்று சொல்லிவிட்டு, நிபந்தனை பொய் என எடுத்துக்கொண்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

2014 செப்டம்பரில் இந்த மாற்றத்துக்கு வேறொரு பலனும் தெரிந்தது. பாஷில் 'ஷெல்ஷாக்' என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, டாஷ் அதில் சிக்கவில்லை. டெபியனும் உபுண்டுவும் முழுசாகத் தப்பவில்லை, பாஷும் அவற்றில் இருந்ததே. ஆனால் 'எஸ்ஹெச்' வழியாக வரும் தாக்குதல்களுக்குக் கதவு மூடியிருந்தது.

2015 முதல் இரண்டிலும் ஸ்டார்ட்அப் வேலை 'சிஸ்டம்டி' கைக்குப் போனது. வேகத்துக்காக டாஷ் என்ற வாதம் அதோடு பலமிழந்தது. ஆனால் கிரான் வேலைகள் இன்றும் இயல்பாக 'எஸ்ஹெச்' வழியாகத்தான் ஓடுகின்றன.

சிஸ்டம் முழுக்க ஷார்ட்கட்டை மறுபடி பாஷுக்குத் திருப்புவது தேவையில்லாத வேலை. பாஷ் வசதிகள் வேண்டுமென்றால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்றே எழுதினால் போதும். ஆனால் ஃபைல் பெயருக்கு முன் 'எஸ்ஹெச்' போட்டு ஓட்டினால், அந்த முதல் வரியை யாரும் மதிக்கமாட்டார்கள். பழைய ஸ்கிரிப்டுகளைச் சோதிக்க 'செக்பாஷிசம்ஸ்' என்ற கருவி டெபியனிலேயே இருக்கிறது. எந்த வரி டாஷில் உதைக்கும் என்று அது காட்டிக்கொடுக்கும்.